வேண்டாத கொய்யாவும் வீட்டுக் கேக்கும்



போன மாதம் நான் போட்ட கொய்யா கேக் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். "டீச்சர், கொய்யாவுல கேக்கா?" என்று ஒருத்தி சிரித்தாள். "சின்னம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சென்னையிலிருந்து ஒரு மகன் கேட்டான். செய்முறை கேட்டவர்கள்தான் அதிகம். அதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். ஆனால் இது எதற்காகத் தொடங்கியது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மரத்தை வெட்டுவதா, விடுவதா என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. கேக், அந்த வழக்கில் மரத்தின் பக்கம் நான் கொண்டுபோய் நிறுத்திய சாட்சி.

அந்த மரத்தை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சாயங்காலம் வாய்ப்பாடு ஒப்பிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதில் ஏறியவர்கள்தான். பதினாறாம் வாய்ப்பாடு தெரியாது, ஆனால் எந்தக் கிளையில் எந்தப் பழம் நாளைக்குக் கனியும் என்று தெரியும். என் மாமியார் ஆயக்குடியிலிருந்து கன்று வாங்கிவந்து நட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளைச் சதை, நல்ல வாசம்.

அந்தக் காலத்தில் அந்த மரத்தடியில் ஒரு பழம் கீழே கிடந்து நான் பார்த்ததில்லை. காயாக இருக்கும்போதே பறித்து, உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டுத் தின்றுவிடுவீர்கள். பழம் தின்ன வேண்டும் என்றால் நானே உங்கள் கண்ணில் படாமல் நாலு காயைத் துணி கட்டி மறைத்துவைக்க வேண்டும்.

இப்போது ஏறுவதற்கு ஆள் இல்லை. வருஷத்தில் இரண்டு முறை காய்க்கிறது. காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது தினம் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் விழுகிறது. கிளி கொத்திப் போட்டது, அணில் கடித்துப் போட்டது, தானாகக் கனிந்து விழுந்தது என்று காலையில் வாசற்படி இறங்கினால் காலுக்கடியில் நசுங்கும். மத்தியானத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும். ஈ மொய்க்கும்.

பக்கத்து வீட்டுத் தம்பி புதிதாக ஒரு கார் கொட்டகை போட்டிருக்கிறார். தகரக் கூரை. நம் மரத்தின் ஒரு பெரிய கிளை அதன்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி பழம் விழுந்தால் 'டம்' என்று கேட்கும். ஒருநாள் சுவர் ஓரம் வந்து நின்று சொன்னார்:

"டீச்சரக்கா, கோவிச்சுக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் தூக்கம் போயிடுதுங்க. ஈத் தொல்லையும் தாங்கலைங்க. ஏதாச்சும் பண்ணுங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நல்ல மனுஷன், இத்தனை நாள் பொறுத்ததே பெரிது.

கோயம்புத்தூரிலிருந்து மகன் வந்தபோது விஷயம் அவன் காதுக்குப் போனது. "அம்மா, உனக்கு முட்டி வலி. அப்பாவால குனிய முடியாது. தினமும் யாரு பொறுக்கறது? வெட்டிடலாம். கொய்யாப் பழம் வேணும்னா கடையில கிலோ கணக்குல நான் வாங்கித் தர்றேன்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உங்கள் கணக்கு சாரோ வழக்கம்போல, "ரெண்டு பக்கமும் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு காய்ப்பு பொறு. பழம் வீணாகாம ஒரு வழி பண்ணிக் காட்டறேன். முடியலேன்னா அப்புறம் உன் இஷ்டம்" என்று மகனிடம் கெடு வாங்கினேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பையில் போட்டு அக்கம்பக்கம் கொடுத்தேன். "வீட்ல யாரும் சாப்பிடறதில்லீங்க டீச்சர்" என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். ஒருவர் வாங்கிக்கொண்டார். மறுநாள் அந்தப் பை அப்படியே தெருமுனைக் குப்பைத் தொட்டியில் இருந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. கனிந்த கொய்யா ஒருநாள் தாங்காது. ஃபிரிட்ஜில் வைத்தால் பால், தயிர் எல்லாம் கொய்யா மணக்கும்.

கடைக்குக் கொடுக்கலாம் என்றால் நாம் இருப்பது எந்த ஊர்ப் பக்கம்? ஆயக்குடிப் பக்கம். கொய்யாவுக்கென்றே சந்தை கூடும் ஊர். வரத்து அதிகமாகிவிட்டால் தோட்டக்காரர்களுக்கே பறிகூலி தேறாது. அங்கே என் வீட்டு அணில் கடித்த பழத்தை யார் வாங்குவார்?

அப்போதுதான் ஒன்று புரிந்தது. மரம் முன்பு காய்த்த அளவுதான் இப்போதும் காய்க்கிறது. வாங்கித் தின்ன வந்த கைகள்தான் குறைந்துபோயிருக்கின்றன. பழத்தை அப்படியே நீட்டினால் வேண்டாம் என்கிறவர்கள், வேறு உருவத்தில் நீட்டினால் வாங்குவார்களா? அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வேண்டாத பழத்துக்கு வேறு உருவம் கொடுப்பது மனிதர்கள் வெகுகாலமாகச் செய்துவருவதுதான். நம் பழனிப் பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கனிந்த மலைவாழைப் பழம் எத்தனை நாள் தாங்கும்? அதையே சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வைத்தால் ஊர் ஊராகப் போகிறது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தலச்சேரிக் கதை இன்னும் சுவாரசியம். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் கிறிஸ்துமஸ் கேக் செய்யச் சொன்னாராம். அதில் பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொன்னாராம். பாபு அதற்குப் பதிலாக, முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துச் செய்துகொடுத்தார், இந்தியாவில் முதலில் செய்த கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று சொல்வார்கள். கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைத் தூக்கிப்போடுகிறோமே, அந்த முந்திரிப் பழம்! நம் கொய்யாவும் இந்த மண்ணில் பிறந்தது அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்தது. கோவாவில் கொய்யாக் கூழும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறி 'பெராட்' என்று ஒரு பண்டம் செய்கிறார்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில். ஆகவே நானும் துணிந்து இறங்கினேன்.

ஆறாம் வகுப்பு நோட்டில் எழுத வைப்பேனே, நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பது, அறிவது என்று? அதே மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். உங்கள் சார் அட்டையில் பெயர் எழுதி, கோடு போட்டுக் கொடுத்தார். ஓடிஜி அடுப்பு எங்களிடம் இல்லை. பழைய அலுமினியக் குக்கர் ஒன்று இருந்தது. அதில் இரண்டு கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடினால் அதுவே அடுப்பு. உப்பு சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சீராகக் கொடுக்கும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

முதல் சோதனை, விதை. கொய்யா விதை கல் மாதிரி. மிக்சியில் அரைத்தால் உடைந்து மண்ணாக நெறுநெறுக்கும். அதனால் அரைக்கவே கூடாது. பழத்தை வேகவைத்து மசித்து, வடிகட்டியில் கரண்டியால் தேய்த்தால் கூழ் கீழே இறங்கும், விதை முழுசாக மேலே நிற்கும். 400 கிராம் பழத்துக்கு 250 கிராம் போலக் கூழ் கிடைத்தது.

இரண்டாவது சோதனை, உப்புவது. இங்கேதான் எனக்கு உங்கள் முகங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. பாட்டிலில் எலுமிச்சைச் சாறு ஊற்றி, பலூனுக்குள் சமையல் சோடாவைப் போட்டு, பாட்டில் வாயில் மாட்டிக் கவிழ்த்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? நுரைத்துக்கொண்டு பலூன் எழுந்து நிற்கும். கடைசி பெஞ்சிலிருந்து கைதட்டல் வரும். கேக்கும் அந்தப் பலூன்தான். அமிலமும் சோடாவும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. பாட்டிலில் பலூன் அதைப் பிடித்துவைத்தது, கேக்கில் மாவு பிடித்துவைக்கிறது. சூட்டில் மாவு வெந்து இறுகும்போது குமிழ்கள் இருந்த இடம் ஓட்டையாக நின்றுவிடுகிறது. கேக்கை அறுத்துப் பார்த்தால் தெரிகிற கண்கள் எல்லாம் அவைதான்.

ஒரே மாவை மூன்று கிண்ணத்தில் பிரித்தேன். முதல் கிண்ணத்தில் சோடா இல்லை. இரண்டாவதில் சோடா மட்டும். மூன்றாவதில் சோடாவும் இரண்டு ஸ்பூன் தயிரும். மூன்றையும் ஒரே நேரத்தில் குக்கருக்குள் வைத்தேன். முதல் கிண்ணம் கொழுக்கட்டை மாதிரி அடர்த்தியாக இருந்தது. இரண்டாவது நன்றாகவே எழும்பியது, ஏனென்றால் கொய்யாவிலேயே அமிலம் உண்டு. ஆனால் லேசாகச் சோடா வாடை நின்றது. மூன்றாவதுதான் பஞ்சு. தயிர், மிச்சமிருந்த சோடாவையும் சாப்பிட்டுவிட்டது. "மூணாவதுக்கு முதல் பரிசு" என்று நோட்டில் சார் சிவப்பு மையில் எழுதினார். அவருக்குச் சர்க்கரை உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் சுண்டுவிரல் அளவுத் துண்டுதான் அனுமதி. சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி அவர் கேட்டதன் காரணம் இப்போது புரிகிறதா?

மூன்றாவது சோதனை, மாவு. மைதாவில் மிருதுவாக வந்தது. கோதுமை மாவில் கொஞ்சம் கனமாக, ஆனால் பழத்தின் ருசியோடு ஒட்டி வந்தது. கோதுமை கூடுதலாக ஈரம் குடிக்கும். அதனால் அதற்கு இன்னும் இரண்டு ஸ்பூன் கூழ் வேண்டும். எந்த மாவானாலும் கலந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி ரொம்பக் கலக்கினால் பசைத்தன்மை கூடி, கேக் ரப்பர் ஆகிவிடும்.

நான்காவது, இனிப்பு. வெல்லம் போட்டால் நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் வெல்ல வாசனை கொய்யாவை அமுக்கிவிடுகிறது. நாட்டுச் சர்க்கரை நடுவில் நிற்கிறது. கொய்யா வாசம் சூட்டில் பாதி போய்விடும் என்பதால், கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல் போட்டால் அது எழுந்து நிற்கும்.

இப்போது செய்முறை. எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றாகக் கனிந்த கொய்யா 400 கிராம். அடிபட்ட இடத்தைச் சீவிவிட்டு, நான்காக நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் வேகவையுங்கள். ஆறவைத்து, மசித்து, வடிகட்டித் தேய்த்து ஒரு கப் கூழ் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீராக இருந்தால் அடுப்பில் கொஞ்சம் சுண்ட வையுங்கள்.

கோதுமை மாவு ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை இரண்டு தடவை சலியுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் நாட்டுச் சர்க்கரை முக்கால் கப், வாசமில்லாத எண்ணெய் அரை கப்புக்குக் குறைவாக, தயிர் கால் கப், கொய்யாக் கூழ் ஒரு கப், ஏலக்காய்ப் பொடி, எலுமிச்சைத் தோல் துருவல். சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். அதில் மாவைக் கொட்டி, உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கலந்து, எண்ணெய் தடவி மாவு தூவிய ஏழு அங்குலத் தட்டில் ஊற்றுங்கள். முட்டை வேண்டாம்.

குக்கரை உப்போடு பத்து நிமிஷம் மிதமான தீயில் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். தட்டை உள்ளே வைத்து மூடி, தீயைக் குறைத்து 45 நிமிஷம். முதல் அரை மணி நேரம் திறக்கவே கூடாது. பிறகு ஈர்க்குச்சியால் நடுவில் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் ஆயிற்று. ஓடிஜி இருப்பவர்கள் 180 டிகிரியில் 40 நிமிஷம் வையுங்கள். முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். மறுநாள் இன்னும் ருசி.

ஒரு எச்சரிக்கை. வௌவால் கடித்ததாகச் சந்தேகம் இருக்கிற பழத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தது ஞாபகம் இருக்கும். பழந்தின்னி வௌவால்கள்தான் அந்தக் கிருமியைச் சுமப்பவை. வேகவைக்கத்தானே போகிறோம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். கையில் எடுத்து நறுக்குவதே வேண்டாம். நான் கேக்குக்கு எடுப்பது, மரத்திலிருந்து நாமே பறித்ததும், கடி இல்லாமல் முழுசாக விழுந்ததும் மட்டும்தான்.

உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான். கேக்கை எட்டுத் துண்டு போட்டு, பழத்தை வேண்டாம் என்று சொன்ன அதே வீடுகளுக்குக் கொண்டுபோனேன். ஒருவர்கூடத் திருப்பித் தரவில்லை. தட்டைக் கழுவி, காலியாகத் தரக் கூடாது என்று சர்க்கரையோ முருங்கைக்காயோ வைத்துத் தந்தார்கள். எத்தனை நாளாயிற்று, தட்டு இப்படிப் போய் வந்து!

பக்கத்து வீட்டுத் தம்பியின் சம்சாரம் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "டீச்சரக்கா, குக்கர்லயா பண்ணுனீங்க? எங்க வீட்டு ஓடிஜி பரண்ல சும்மாதானுங்க கெடக்குது" என்றாள். 2020 ஊரடங்கில் ஊரே வாழைப்பழ ரொட்டி சுட்டபோது ஆசையாக வாங்கியதாம். இரண்டு தடவையோடு பரணுக்குப் போய்விட்டது. மறுநாள் அந்தத் தம்பியே அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சமையலறையில் வைத்தார். மரத்தை ஏதாவது பண்ணச் சொன்ன அதே கை.

அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். பெண் நான்காம் வகுப்பு, பையன் முதல் வகுப்பு. "டீச்சர் பாட்டி, இது இந்த மரத்துப் பழமா?" என்று பையன் கேட்டான். கொய்யாவை அவன் கடையில் பார்த்திருக்கிறான், நறுக்கிய துண்டாகத் தின்றிருக்கிறான். தன் வீட்டுத் தகரத்தில் விழுவது அதே பழம் என்று அவனுக்குத் தெரியாது. அவனைத் தூக்கிப் பிடித்து, கைக்கெட்டும் கிளையில் ஒரு பழத்தைப் பறிக்கச் சொன்னேன். உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டுக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் விடவில்லை.

பத்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் ராத்திரி சார் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். "கணக்கு ஒண்ணு போட்டேன், கேக்கறியா?" என்றார். தினம் விழுவது இரண்டு கிலோ. கேக் ஒன்றுக்கு 400 கிராம். அப்படியென்றால் தினம் ஐந்து கேக் சுட வேண்டும். கேக் ஒன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் சர்க்கரை என்றால் நாளைக்கு 600 கிராம். ஒரு மாதத்துக்கு 18 கிலோ. "கொய்யாவைக் காப்பாத்தறேன்னு தெருவுக்கே சர்க்கரை வியாதி குடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடினார்.

கணக்கு சரி. கேக்கால் ஒரு மரத்துப் பழத்தைத் தின்று தீர்க்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஆரஞ்சைப்போல நாலு மடங்கு. வேகவைத்துச் சுட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். சத்துக்குப் பழத்தைப் பழமாகத்தான் தின்ன வேண்டும். கேக் ருசிக்கு மட்டும்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் சேராத ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளோடு தெருவில் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கேக் கிடைக்கும் என்று வந்தவர்கள், கேக் இல்லாத நாளிலும் வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொக்கி கட்டிய குச்சியும் கூடையுமாக மரத்தடியில் நிற்பார்கள். பழமாகி விழுவதற்கு முன்பே பறிப்பதால் கீழே விழுவது பாதியாகக் குறைந்தது. பழத்தை வேண்டாம் என்ற வீடுகளிலிருந்து, "டீச்சர், ரெண்டு செங்காய் குடுத்தனுப்புங்க" என்று ஆள் வருகிறது. பிள்ளை கேட்டு அழுகிறதாம்!

ஈக்கும் வழி பிறந்தது. பழ ஈ, பழம் கனியும் சமயத்தில் தோலுக்கடியில் முட்டை வைக்கிறது. புழு உள்ளேயே வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகப் பறந்து அடுத்த பழத்துக்கு வருகிறது. விழுந்த பழத்தை அப்படியே விடுவது ஈக்கு விருந்து வைப்பது மாதிரி. அதனால் கேக்குக்கு உதவாத பழத்தை எல்லாம் தினமும் பொறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயிலில் ஒரு வாரம் போட்டுவிடுகிறோம். புழு செத்துவிடும். பிறகு உரக்குழி. மரத்தடி மண்ணையும் லேசாகக் கிளறிவிட்டோம், கூட்டுப்புழு வெயிலுக்கும் குருவிக்கும் வெளியே வரட்டும் என்று. மீத்தைல் யூஜினால் வைத்த பொறி ஒன்றையும் மரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். ஆண் ஈக்கள் அந்த வாசனைக்கு வந்து விழுகின்றன. பிள்ளைகளுக்கு அதை எண்ணுவதுதான் இப்போது பெரிய விளையாட்டு. பெரிய எண்களைக் கூட்டப் பழகிக்கொண்டார்கள்.

கெடு முடிந்து மகன் வந்தான். மரத்தடியில் நாலு பிள்ளைகள், திண்ணையில் பக்கத்து வீட்டுத் தம்பியும் சாரும். அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு துண்டு கேக்கைத் தின்றான். தம்பிதான் முதலில் பேசினார். "வெட்ட வேண்டாங்க. எங்க கூரைமேல வர்ற கெளையை மட்டும் எடுத்துட்டாப் போதுங்க. புள்ளைக சண்டைக்கு வரும்" என்றார்.

அதற்கு நானும் சம்மதித்தேன். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். அளவாகக் கவாத்து செய்தால் மரத்துக்கே நல்லது. முப்பது வருஷம் ஓங்கி வளர்ந்துவிட்ட மரத்தைத் தாழ்த்திவிட்டால், ஏணி இல்லாமல் பறிக்கலாம். காய்ப்பு முடிந்ததும் ஆள் வைத்து, தகரத்தின் மேல் நீட்டிய பெரிய கிளையையும், உச்சியில் ஐந்தாறு கிளைகளையும் எடுத்தோம். வெட்டும்போது நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெரிய கிளை, உங்களில் பலர் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன கிளை. அது போனதில் எனக்கு வருத்தம்தான். மரம் நிற்கிறது. வெட்டிய இடத்துக்குக் கீழே இப்போது இளஞ்சிவப்பாகத் தளிர் விட்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் கொய்யா மரம் இல்லை என்கிறவர்களுக்கு ஒன்று. பெட்டிக்கடையில் சாயங்காலம் தோல் கறுத்து, யாரும் வாங்காமல் தொங்கும் வாழைப்பழத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுப்பார். காயில் மாவாக இருப்பது கனியக் கனியச் சர்க்கரையாக மாறுகிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், மருந்துக்கடை ஐயோடினை வாழைக்காய்த் துண்டில் ஒரு சொட்டு, கனிந்த பழத்துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கள். காயில் கருநீலம் ஏறும், பழத்தில் ஏறாது. சோதித்த துண்டுகளைத் தின்னக் கூடாது, தூக்கிப்போட்டுவிட வேண்டும். தோல் கறுத்துவிட்டது என்று நாம் ஒதுக்குகிற நாளில்தான் பழத்தில் இனிப்பு அதிகம். மேலே சொன்ன செய்முறையில் கொய்யாக் கூழுக்குப் பதில் மூன்று பழத்தை மசித்துப் போட்டு, சர்க்கரையை அரை கப்பாகக் குறையுங்கள். பழமே மீதி இனிப்பைக் கொடுத்துவிடும்.

அதைச் சுட்டு நீங்கள் மட்டும் தின்றால் போதாது. நாலு துண்டாவது தட்டில் வைத்து, இதுவரை பேசாத ஒரு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த காய்ப்புக்கு மரத்தடியில் பிள்ளைகளுக்கு உப்பும் மிளகாய்ப் பொடியும் தயாராக இருக்கும். பழனிப் பக்கம் வருகிறவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள். இப்போது மரம் தாழ்ந்திருக்கிறது, உங்கள் வயசுக்கும் கை எட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்